பொதுச் சுவர்

கணிப்பொறியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. இதை ஒப்புக்கொள்வதில் வெட்கமும் இல்லை. கதை எழுதுகிறவனுக்குப் பேனா மூடியைத் தொலைக்காமல் இருக்கத் தெரிந்தால் போதும் என்று இத்தனை வருஷத்தை ஓட்டிவிட்டேன். ஆனால் என் தங்கை பிள்ளை புரோகிராம் எழுதிப் பிழைக்கிறவன். பூந்தமல்லியில் வீடு, அம்பத்தூர்ப் பக்கம் வேலை. போன பொங்கலுக்கு ஒரு வாரம் முன்பு அவன் என் எதிரே வந்து உட்கார்ந்த கோலத்தைப் பார்த்துவிட்டு, ஏதோ காதல் விவகாரம் என்றுதான் முதலில் நினைத்தேன். நாவலாசிரியனுக்கு வேறு என்ன தோன்றும்?

“மாமா, என்னாலே இருநூறு பேருக்குச் சம்பளம் நின்னு போச்சு” என்றான்.

விஷயம் இதுதான். ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்குச் சம்பளம் கணக்குப் போடும் புரோகிராமை இவன் தனியாக எழுதியிருக்கிறான். முதல் பெரிய வேலை. இத்தனை நாள் படித்த வித்தையை எல்லாம் அதில் காட்டிவிட்டான். தேதி ஏழு வந்தது, சம்பளம் வரவில்லை. பண்டிகை நேரம். சாமான் கட்டும் பிரிவில் வேலை செய்யும் ஒரு அம்மாள் இவனுக்குத் தெரிந்தவள். தினம் ஒரே பஸ். அவள் இவனிடம் கோபித்துக்கொள்ளக்கூட இல்லையாம். “தெரிஞ்ச புள்ள எழுதினதுன்னு சொன்னாங்க, அதான் தைரியமா இருக்கேன்” என்றாளாம். அந்த வார்த்தைதான் பையனைக் கொன்றுவிட்டது.

என்ன தப்பு நடந்தது என்று கேட்டேன். ஒரு தடித்த புத்தகத்தைக் கொண்டுவந்து போட்டான். எரிக் காமா, ரிச்சர்ட் ஹெல்ம், ரால்ஃப் ஜான்சன், ஜான் விளிஸைட்ஸ் என்ற நால்வர் 1994-ல் எழுதியது. ‘டிசைன் பாட்டர்ன்ஸ்’ என்று பெயர். புரோகிராம்காரர்கள் இவர்களைச் செல்லமாக ‘நால்வர் கும்பல்’ என்கிறார்களாம். புரோகிராம் எழுதும்போது திரும்பத் திரும்பத் தலைகாட்டும் சங்கடங்களுக்கு, தேர்ந்தவர்கள் திரும்பத் திரும்பக் கண்ட விடைகளை இருபத்து மூன்றாகத் தொகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் சூட்டியிருக்கிறார்கள். பொருள்களை உண்டாக்குவதற்கு ஐந்து, ஒன்றோடொன்று பொருத்துவதற்கு ஏழு, அவை நடந்துகொள்ளும் விதத்துக்குப் பதினொன்று.

பெயர் வைத்ததுதான் பெரிய காரியம் என்பது என் அபிப்பிராயம். கொத்தனார் ‘திண்ணை’ என்று ஒரு சொல் சொன்னால் அகலம், உயரம், வழிப்போக்கன் உட்காருவது, மழைச்சாரல் எல்லாம் அந்தச் சொல்லுக்குள் வந்துவிடுகின்றன அல்லவா? அப்படித்தான் ‘அப்சர்வர்’ என்றால் இவர்களுக்குப் புரிகிறது: பத்திரிகைக்குச் சந்தா கட்டின மாதிரி. ஒரு செய்தி மாறினால், பெயர் கொடுத்தவர்களுக்கெல்லாம் தகவல் போகும்; பத்திரிகை ஆபீஸுக்குச் சந்தாதாரர் வீட்டு விவகாரம் தெரிய வேண்டியதில்லை.

நல்ல புத்தகம்தான். எங்கள் பையன் செய்தது என்னவென்றால், வாரப்பத்திரிகையில் வந்த இருபத்து மூன்று மார்கழிக் கோலத்தையும் ஒரே வாசலில் போட்டுவிட்டான்.

அதுவாவது பரவாயில்லை. உண்மையான கோளாறு வேறு இடத்தில் இருந்தது. புரோகிராமில் ஒரே தன்மை உள்ளவற்றை ஒரு ‘கிளாஸ்’ ஆக்குவார்கள். தமிழில் ‘வகுப்பு’ என்று எழுதுகிறார்கள். ஒரு வகுப்பிலிருந்து இன்னொரு வகுப்பு பிறக்கலாம். தகப்பனுடைய குணமெல்லாம் பிள்ளைக்கு வந்துவிடும். இவன் தொழிலாளி என்று ஒரு தகப்பனை வைத்தான். அவனுக்குப் பகல் ஷிப்ட், இரவு ஷிப்ட் என்று இரண்டு பிள்ளைகள். பகலுக்குப் பிறந்தவை தினக்கூலியும் மாதச் சம்பளமும். இரவுக்கும் அப்படியே. பார்க்க அழகான வம்ச விருட்சம். ஒவ்வொரு மனிதரையும் ஒரு கிளையில் உட்கார வைத்தாயிற்று. அந்த அம்மாள் அந்த மாதம் மூன்று வாரம் பகலிலும் ஒரு வாரம் இரவிலும் வேலை செய்திருந்தாள். அவளைப் போல இன்னும் பல பேர். எந்தக் கிளையில் உட்காருவார்கள்? புரோகிராம் தடுமாறி நின்றுவிட்டது.

போதாக்குறைக்கு, சம்பள விகிதங்களை எல்லாம் ‘சிங்கிள்டன்’ என்ற ஒரே ஒரு பெட்டியில் வைத்திருந்தான். புரோகிராம் முழுவதற்கும் அந்தப் பெட்டி ஒன்றுதான். எல்லோரும் அதில்தான் கைவிடுவார்கள். ஊருக்கு ஒரே தண்ணீர்த் தொட்டி என்றால் சௌகரியம்தான். ஆனால் யாரோ ஒருவர் அதில் எதையோ கலந்துவிட்டால்? சோதனைக்காகப் போட்டுப் பார்த்த பொய் விகிதம் ஒன்று பெட்டியிலேயே தங்கி, ஒழுங்காகக் கிளையில் உட்கார்ந்திருந்தவர்களின் கணக்கையும் கெடுத்துவிட்டது.

“இப்போ என்ன செய்யறதா உத்தேசம்?”

“அதே புஸ்தகத்திலே முதல் அத்தியாயத்திலேயே சொல்லியிருக்கான் மாமா, பிறப்பாலே வர்ற குணத்தை நம்பாதே, வேணுங்கறதைச் சேர்த்துக்கட்டுன்னு. நான்தான் அந்தப் பக்கத்தைத் தாண்டி ஓடிட்டேன்.”

இரண்டு ராத்திரி உட்கார்ந்தான். மரத்தை வெட்டினான். இப்போது தொழிலாளி வெறும் தொழிலாளிதான். சம்பள விதி தனியாக இருக்கிறது. அன்றன்றைக்கு எந்த விதி பொருந்துமோ அதை அவள் கையில் கொடுக்க வேண்டியது. இதற்கு ‘ஸ்ட்ராட்டஜி’ என்று பெயர். இரவுப்படி, மிகைநேரம் ஆகியவை அடிப்படைச் சம்பளத்தின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாகப் போர்த்தும் துப்பட்டிகள். இதற்கு ‘டெக்கரேட்டர்’ என்று பெயர். எதை முதலில் போர்த்துவது என்பது அழகு பார்க்கும் விஷயமல்ல. மிகைநேரத்துக்கு இரட்டிப்புக் கூலி என்கிறது சட்டம். எதை இரட்டிப்பது என்பதில் ஒரு துப்பட்டி முன்பின் ஆனால், ஒருத்தியின் வீட்டில் வெல்லம் குறையும். மற்ற அலங்காரங்களைப் போகிப் பண்டிகைக்குப் பொருத்தமாகக் கொளுத்திவிட்டான். சம்பளம் அதற்கு முந்தின நாள் மாலை போய்ச் சேர்ந்தது.

அவன் இப்படி விழித்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் அந்தப் புத்தகத்தைப் புரட்டினேன். பாதி புரியவில்லை. ஆனால் ஆரம்பத்திலேயே ஒரு கட்டடக் கலைஞரின் பெயர் இருந்தது: கிறிஸ்டோபர் அலெக்ஸாண்டர். புரோகிராம் புத்தகத்தில் வீடு கட்டுகிறவருக்கு என்ன வேலை? எனக்கு எப்போதும் ஊர்வம்பு அதிகம். தேடிப் பிடித்துப் படித்தேன்.

வியன்னாவில் 1936-ல் பிறந்து, கேம்பிரிட்ஜில் கணிதம் படித்து, அமெரிக்காவில் பேராசிரியராக இருந்து, 2022-ல் காலமானவர். திண்ணை போன்ற சமாசாரங்களைத்தான் அவர் சகாக்களோடு சேர்ந்து 253 பாங்குகளாக எழுதி 1977-ல் ‘எ பாட்டர்ன் லாங்க்வேஜ்’ என்று வெளியிட்டார். ஒவ்வொன்றிலும் இந்தச் சங்கடம், இந்தச் சூழ்நிலை, இதற்கு இந்த விடை என்றுதான் இருக்கும். பத்து வருஷம் கழித்து, 1987-ல், கென்ட் பெக், வார்ட் கன்னிங்ஹாம் என்ற இரண்டு புரோகிராம்காரர்கள் அந்த முறையைத் தங்கள் தொழிலுக்குக் கொண்டுவந்தார்கள். நால்வர் புத்தகம் அதற்குப் பிறகு வந்ததுதான்.

ஆனால் என்னைத் தூக்கிவாரிப் போட்டது அவருடைய பழைய புத்தகம் ஒன்று. 1964-ல் வந்தது. அதன் கடைசியில், வேலை செய்துகாட்டிய உதாரணமாக ஓர் இந்தியக் கிராமத்தை எடுத்துக்கொண்டிருக்கிறார். அறுநூறு பேர் வாழும் கிராமம். அதைத் திருத்தியமைப்பதானால் எவற்றையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று 141 விஷயங்களை வரிசையாக எழுதியிருக்கிறார். வாசல் தெற்கே பார்க்கக் கூடாது என்பதுகூட அதில் இருக்கிறது! எது எதோடு மோதுகிறது, எது எதற்குத் துணை என்று பார்த்து, பன்னிரண்டு கட்டாக்கி, அதை நான்காக்கி, கடைசியில் ஒரு தலையில் கொண்டுபோய் முடிக்கிறார். அதுவும் ஒரு மரம்தான். அடுத்த வருஷமே, 1965-ல், நகரம் என்பது மரமல்ல என்று கட்டுரை எழுதி, சண்டிகார் உட்படத் திட்டம் போட்டுக் கட்டிய ஊர்களை எல்லாம் ஒரு பிடி பிடித்தார் மனிதர். எங்கள் பையன் இரண்டு ராத்திரியில் கண்டதை அவருக்குக் காணக் கொஞ்சம் கூடுதலாக நாள் ஆயிற்று, அவ்வளவுதான்.

அந்த 141-ல் முதலாவது என்ன தெரியுமா? தீண்டாமை.

ஊர் தனி, சேரி தனி, நடுவில் ஒரு வயல்வெளி. இதுவும் ஒரு பாங்குதானே? யாரும் புத்தகம் பார்த்துப் போடவில்லை. ஆனாலும் ஊருக்கு ஊர் அச்சுக் குலையாமல் இருக்கிறது. மாதிரி என்றாலே நல்லது என்று நினைத்துவிடக் கூடாது. கெட்ட விடைகளும் அப்படியே திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றுக்குப் புரோகிராம்காரர்கள் ‘ஆன்ட்டி-பாட்டர்ன்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

காணும் பொங்கலன்று பையன், “அந்த அக்காவைப் போய்ப் பார்த்துட்டு வரணும் மாமா, தனியாப் போக வெட்கமா இருக்கு” என்றான். அவள் இருப்பது குத்தம்பாக்கம் சமத்துவபுரத்தில். பூந்தமல்லியிலிருந்து பெங்களூர்ச் சாலையில் திருமழிசையைத் தாண்டிப் போக வேண்டும். எனக்கு உள்ளூர ஆசை. ஏனென்றால் அந்த ஊரின் வீடுகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன்.

சமத்துவபுரம் என்ற திட்டம் 1990-களின் கடைசியில் வந்தது. நூறு வீடு, நாற்பது ஆதிதிராவிடருக்கு, பிற்பட்டோருக்கும் மிகப் பிற்பட்டோருக்கும் இருபத்தைந்து இருபத்தைந்து, மற்றவர்களுக்குப் பத்து. பொதுவாக வீடுகள் தனித்தனியாக நிற்கும். குத்தம்பாக்கத்தில் அப்போது இளங்கோ ரங்கசாமி என்பவர் ஊராட்சித் தலைவர். அந்த ஊரிலேயே ஆதிதிராவிடர் குடும்பத்தில் பிறந்து, ரசாயன எஞ்சினீயரிங் படித்து, உத்தியோகத்தை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பியவர். 1996 முதல் பத்து வருஷம் தலைவராக இருந்தார். கல் ஆலைகள் ஒதுக்கிய துண்டுக் கற்களை வைத்துச் சாக்கடை கட்டி, அங்கீகரித்த திட்டப்படி கட்டவில்லை என்று பதவியிலிருந்து நிறுத்திவைக்கப்பட்டு, பிறகு திரும்ப வந்தவர். அவர் காலத்தில் கட்டிய சமத்துவபுரத்தில் வீடுகள் இரட்டை வீடுகள். ஒரு பாதியில் ஆதிதிராவிடர் குடும்பம், மறு பாதியில் வேறு வகுப்பார். நடுவில் ஒரே சுவர். உள்ளூர் மண்ணை அழுத்திச் செய்த கல்லால், உள்ளூர் ஆட்களே கட்டியது.

பக்கத்தில் பக்கத்தில் வீடு கொடுத்தால் ஒரு வேலியை வைத்துக்கொள்ளலாம். பொதுச் சுவருக்கு வேலி வைக்க முடியாது. மழைக்கு ஒழுகினால் இரண்டு வீட்டுக்காரரும் சேர்ந்துதான் அண்ணாந்து பார்க்க வேண்டும். அலெக்ஸாண்டர் பட்டியலின் முதல் வரிக்கு நான் பார்த்த நேரான பதில் இதுதான். அவர் 1996-ல் அமெரிக்காவில் புரோகிராம்காரர்கள் மகாநாட்டுக்குப் போய்ப் பேசியபோது, உங்கள் பாங்குகள் சௌகரியமாக இருப்பது சரி, அவற்றால் மனிதர் வாழ்க்கை ஏதாவது நன்றாகியிருக்கிறதா என்ற பொருளில் கேட்டாராம். சங்கடமான கேள்விதான். கதை எழுதுகிறவர்களையும் யாராவது கேட்டுத் தொலைக்கப் போகிறார்கள்.

அந்த அம்மாள் வாசலிலேயே இருந்தாள். “வாங்க தம்பி, வாங்க பெரியவரே” என்று நாற்காலி போட்டாள். உள்ளே போய்க் கரும்பு கொண்டுவந்தாள். ஒரு விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும். நான் உட்கார்ந்த நிமிஷத்திலிருந்து, இவள் இந்தச் சுவருக்கு எந்தப் பக்கத்து ஜாதி என்று என் கண் தேடிக்கொண்டிருந்தது. சுவரில் என்ன படம், கதவில் என்ன பெயர், பேச்சில் என்ன சொல் என்று. கண்டுபிடிக்க முடியவில்லை. முடியவில்லையே என்று எனக்குள் ஓர் அரிப்பும் இருந்தது. ஐம்பது வருஷமாக மனிதர்களைப் பற்றி எழுதுகிறவன் நான். ஒவ்வொருவரையும் கிளையில் உட்கார வைத்த பையனை எந்த முகத்தோடு கண்டித்தேன்?

“சண்டை வராதா அம்மா?” என்று கேட்டேன்.

“வராம? கொழா தண்ணிக்கு வரும், அவங்க மிக்ஸி போட்டா எங்க வூட்டுச் சாமானெல்லாம் ஆடுது, அதுக்கு வரும். ஆரம்பத்துல எங்க மாமியா அந்த வூட்டுத் தண்ணி குடிக்கல. அப்புறம் மாமியாவுக்கு ஒடம்பு முடியாம போனப்ப, ராத்திரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கிட்டு ஓடினது அவங்கதான்.”

அவ்வளவோடு விட்டுவிட்டாள். நானும் எந்த வீடு எந்த வீடு என்று கேட்கவில்லை.

பையன் மென்று விழுங்கினான். “அக்கா, தப்பு என்மேலதான். நீங்க பகல் ஆளா ராத்திரி ஆளான்னு நானே தீர்மானம் பண்ணி எழுதிட்டேன். ரெண்டுமா இருப்பீங்கன்னு நெனைக்கல.”

அவள் சிரித்தாள். “நான் எந்த ஆளும் இல்ல தம்பி. வேலை குடுத்தா போறவ.” பிறகு, “ஒண்ணு கேக்கட்டுமா? மொத்தமா ஒரு தொகை வருது. எதுக்கு எவ்வளவுன்னு தெரியல. ராத்திரிக்கு இவ்வளவு, கூடுதல் நேரத்துக்கு இவ்வளவுன்னு தனித்தனியா ஒரு சீட்டு வருமா? குறைஞ்சா கேக்கலாம்ல?” என்றாள்.

பையன் முகம் மாறிவிட்டது. திரும்பும்போது பஸ்ஸில் விளக்கினான். துப்பட்டிமேல் துப்பட்டியாகப் போர்த்தியதில் கடைசியில் மொத்தக் கனம் மட்டும்தான் தெரிகிறதாம். எந்தத் துப்பட்டி எவ்வளவு என்று பிரித்துக் கேட்டால் சொல்லத் தெரியாதாம். அத்தனை அழகாகக் கட்டியதை மறுபடியும் பிரிக்க வேண்டும்.

“புஸ்தகத்திலே இதுக்கு ஒரு பெயர் இருக்குமே?” என்றேன்.

“இருக்கலாம் மாமா. முதல்லே அந்தச் சீட்டு எப்படி இருக்கணும்னு எழுதிப் பார்க்கறேன். பேனா இருக்கா?”

கொடுத்தேன். டிக்கெட்டின் பின்புறத்தில் வரிசையாகக் கோடு போட ஆரம்பித்தான். பூந்தமல்லி வந்ததுதான் தெரியும். மூடியை எங்கே வைத்தான் என்று அவனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.