சரிவைச் சொல்லும் சைக்கிள்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு நெடுஞ்சாலை வழியாகச் சுமார் 12 கிலோமீட்டர். பஸ்ஸில் போனால் அந்த வழியில் நூற்பாலைச் சுவர்களையும் பெட்ரோல் பங்குகளையும் முன்னால் போகும் லாரியின் முதுகையும் பார்த்தபடி இறங்க வேண்டியதுதான். ஆனால் இதே இரண்டு ஊர்களையும் மேற்கே, மம்சாபுரம் வழியாக இணைக்கும் இன்னொரு சாலை இருக்கிறது. பொழுது விடிந்த கையோடு அந்தச் சாலையில் சைக்கிளை இறக்கினால், ஒரு பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை நீள நெடுக நிற்கும். மறுபக்கம் வயல், தென்னந்தோப்பு, மாந்தோப்பு, அவற்றுக்கு நடுவே கண்மாய்கள். பால் கேன் கட்டிய மொபெட்டும் எப்போதாவது ஒரு மினி பஸ்ஸும் தவிர எதிரே வருவதற்கு அதிகம் ஒன்றுமில்லை.

வெளியூரிலிருந்து வருகிறவர்கள் இந்த நிலத்தைத் தட்டை என்றுதான் சொல்வார்கள். கண்ணுக்கு அப்படித்தான் தெரிகிறது. கால் வேறு கணக்குச் சொல்லும். மலையைப் பார்த்து மிதித்தால் கொஞ்ச தூரத்திலேயே தொடை கனக்கும். கிழக்கே திருப்பினால் மிதிக்காமலே சக்கரம் ஓடும். வடக்கிலோ தெற்கிலோ போனால் இரண்டும் இல்லாமல் சமமாக இருக்கும். மலையடிவாரத்திலிருந்து வைப்பாற்றுப் படுகையை நோக்கி நிலம் மெல்ல மெல்லத் தாழ்ந்துகொண்டே போவதுதான் காரணம். மோட்டார் சைக்கிளில் போனால் இது தெரிய வழியில்லை. அத்தனை சிறிய சரிவை எஞ்சின் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளாது. சொந்தத் தசையால் ஓடும் வண்டிக்குத்தான் அது புலப்படுகிறது. சைக்கிள் ஓட்டுவதை உடற்பயிற்சி என்றும் பொழுதுபோக்கு என்றும் சொல்கிறோம். இந்தப் பக்கத்தில் அது ஊரின் நில அமைப்பைப் படிக்கும் வழியும்கூட என்பது என் தீர்மானமான எண்ணம்.

அந்தச் சரிவை நமக்கு முன்பே படித்தவர்கள் கண்மாய் வெட்டியவர்கள். மலையிலிருந்து இறங்கும் ஓடைகளுக்குக் குறுக்கே, சரிவை மறித்து, வில்லாக வளைத்து மண்கரை போட்டார்கள். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்ததும் மேலே உள்ள கண்மாய் முதலில் பெருகும். நிறைந்தபின் கலுங்கைத் தாண்டி மறுகால் பாயும். அந்த மறுகால் அடுத்த கண்மாய்க்கு வரத்து. அது நிறைந்தால் அதற்குக் கீழே உள்ளது. தமிழ்நாட்டில் 39,000-க்கும் அதிகமான ஏரிகளும் கண்மாய்களும் இருப்பதாகக் கணக்கு. மழை சில மாதம் மட்டும் பெய்து, மீதி மாதமெல்லாம் வெயில் அடிக்கும் இந்தப் பகுதியில் அவை இல்லாமல் நெல் ஏது?

இந்த ஏற்பாட்டைப் பக்கத்திலிருந்து பார்க்கக் கண்மாய்க் கரையைவிட நல்ல இடம் கிடையாது. சரிவுக்குக் குறுக்கே போடப்பட்டதால் கரை எப்போதும் ஒரே மட்டம். அதன்மேல் மாடும் மனிதரும் நடந்து இறுகிய பாதையில் சைக்கிள் சிரமமில்லாமல் போகும். ஒரு கைப்பக்கம் தண்ணீர்; மறு கைப்பக்கம், ஆள் உயரத்துக்கும் கீழே, அந்தத் தண்ணீரை எதிர்பார்த்திருக்கும் வயல். இரண்டையும் ஒரே பார்வையில் பிடிக்கலாம். மடை எங்கே திறக்கிறது, வாய்க்கால் எந்தப் பக்கம் திரும்புகிறது, யாருடைய வயலுக்கு முதலில் பாய்கிறது, கடைமடைக்காரர் ஏன் கவலையோடு கரையில் வந்து நின்று பார்க்கிறார் என்பதெல்லாம் அப்போதுதான் விளங்கும். ராஜபாளையத்தின் பிரண்டைகுளம், கருங்குளம், ஸ்ரீவில்லிபுத்தூரின் பெரியகுளம் என்று பெயர்களாக மட்டும் கேட்டிருந்தவை எனக்கு ஒரே நீர்க்குடும்பமாகத் தெரிய ஆரம்பித்தது இப்படிக் கரைகளில் ஓட்டிப் பழகிய பிறகுதான்.

தையும் மாசியும் இதற்கு வாகான மாதங்கள். மழை ஓய்ந்திருக்கும், கண்மாயில் தண்ணீர் நிற்கும், காலைப் பனி முகத்தில் படும். நத்தைகுத்தி நாரைகளும் நீர்க்காகங்களும் தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரங்களில் கூடியிருக்கும். நடந்து வருகிறவரைக் கண்டால் முன்கூட்டியே எழும்பிவிடும் கொக்கு, சீராக நகரும் சைக்கிளைப் பல சமயம் அனுமதித்துவிடுகிறது. பங்குனி பிறந்தால் தண்ணீர் வற்றிக் கண்மாய்க்குள் ஆடு மேயும். சித்திரையிலிருந்து மாந்தோப்புகளில் காவல் குடிசைகள் முளைத்துவிடும். ஆடியில் மலையிலிருந்து வீசும் மேல்காற்று ஆளையே தள்ளும். அதற்கும் ஒரு வழி உண்டு: போகும்போது மேற்கே போக வேண்டும். தெம்பு இருக்கும்போதே ஏற்றத்தையும் எதிர்காற்றையும் முடித்துவிட்டால், திரும்பி வரும்போது சரிவும் காற்றும் சேர்ந்து வீடுவரை கொண்டுவந்து விடும். வழி தப்பும் என்ற பயமும் வேண்டாம். மலை இருக்கும் பக்கம் மேற்கு. ஸ்ரீவில்லிபுத்தூரைத் தேடினால் வடபத்ரசாயி கோயிலின் 11 நிலைக் கோபுரம் தென்னை மரங்களுக்கு மேலே வெகுதூரத்திலிருந்தே தலை காட்டும்.

மேற்கே போனால் பாதை காட்டில் முடியும். ராஜபாளையத்திலிருந்து முடங்கியாறு சாலை அய்யனார் கோயில் பக்கம் ஏறுகிறது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து போனால் செண்பகத்தோப்பு. இந்த மலைக்காடு 1988-இல் சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயமானது. 2021-இல் மேகமலையோடு சேர்த்து இந்தியாவின் 51-ஆவது புலிகள் காப்பகமாக, 1,000 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பரப்பில், அறிவிக்கப்பட்டது. சாம்பல் நிற அணில் தரைக்கு வருவது அபூர்வம். கிளையோடு கிளை கோத்து நிற்கும் மரங்களில்தான் அது கூடு கட்டும், தாவும், தப்பிக்கும். காட்டோரத்து மா, புளிய மரங்களிலும் அதைக் காணலாம். அதன் குரலைக் கேட்க வேண்டுமானால் எஞ்சின் சத்தம் இருக்கக் கூடாது. சைக்கிளை ஓரமாகச் சாய்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றால், மேலே இலை அசையும் இடத்தைக் காது காட்டிக்கொடுக்கும்.

இங்கே கட்டுப்பாடும் வேண்டும். வனத்துறை நிறுத்தச் சொல்லும் இடத்தில் நிறுத்த வேண்டும். பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட வேண்டும். தோப்புகளுக்கு யானை இறங்கும் ஊர் இது. மலைமேல் மேகம் கறுத்திருந்தால், நம் தலைக்கு மேல் வெயில் அடித்தாலும் ஓடையில் இறங்கக் கூடாது. வெள்ளம் முன்னறிவிப்பில்லாமல் வரும். கரைப்பாதையில் ஆட்டுமந்தை எதிரே வந்தால் இறங்கி உருட்ட வேண்டியது நாம்தான். பாதை முதலில் மேய்ப்பவர்களுடையது.

சைக்கிள் இந்த ஊர்களுக்குப் புதிதும் இல்லை. 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கினார். அதன்பின் ஆலைகள் பெருகப் பெருக, ஷிப்டு மாறும் நேரத்தில் தூக்குச்சட்டி தொங்கும் சைக்கிள்களும் பெருகின. மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் சைக்கிள் கடைகளில்தான் ஒரு தலைமுறையே குரங்குப் பெடல் பழகியது. இன்று காலை எட்டு மணிக்கு மம்சாபுரம் சாலையில் அதிகம் தென்படுவது சீருடை அணிந்த பிள்ளைகள். 2001-02-இல் பிளஸ் ஒன் மாணவிகளில் ஒரு பகுதியினருக்கு அரசு தொடங்கிய விலையில்லா சைக்கிள் திட்டம், பின்னர் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் பிளஸ் ஒன் மாணவ மாணவியர் அனைவருக்கும் விரிந்தது. கியர் இல்லாத, கேரியர் வைத்த அந்தச் சைக்கிளே இந்த நிலத்துக்குத் தாராளமாகப் போதும். சீமைக்கருவேல முள்ளுக்கு ஒரு பஞ்சர் செட்டும் காற்றடிக்கும் பம்ப்பும் இருந்தால் சரி. பள்ளி முடிந்ததும் அந்தச் சைக்கிள் பல வீடுகளில் மாடிப்படிக்கு அடியில் போய்விடுகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் பொறுக்கவில்லை.

சைக்கிளை மறுபடி பாதைக்கு இழுக்க வழி இல்லாமல் இல்லை. பெல்ஜியத்தின் லிம்பர்க் மாகாணத்தில், சுரங்கப் பொறியாளராக இருந்த ஹியூகோ போலன் என்பவரின் யோசனைப்படி 1995-இல் ஒரு வேலை செய்தார்கள். போக்குவரத்து குறைந்த கிராமப் பாதைகளைத் தேர்ந்தெடுத்து, அவை சந்திக்கும் ஒவ்வொரு இடத்திலும் ஓர் எண்ணை நட்டார்கள். நாலைந்து எண்களைக் குறித்துக்கொண்டால் நாள் முழுக்கச் சுற்றலாம். அந்த முறை அண்டை நாடான நெதர்லாந்துக்கும் பரவியது. அதே மாகாணத்தில், இடைக்காலத்திலிருந்து மனிதர் வெட்டிய மீன்குளங்கள் நிறைந்த பகுதி ஒன்று உண்டு. அங்கே பொக்ரைக் என்ற இடத்தில் 2016-இல் ஒரு குளத்தைப் பிளந்துகொண்டு 212 மீட்டர் சைக்கிள் பாதை அமைத்தார்கள். ஓட்டுகிறவரின் கண் மட்டத்தில் இருபுறமும் தண்ணீர். அதற்காக அங்கே கான்கிரீட் கொட்ட வேண்டியிருந்தது. நமக்கோ கரைகள் பல தலைமுறைகளாகப் போட்டபடியே இருக்கின்றன.

ஆகவே இங்கே புதிதாகக் கட்ட வேண்டியது மிகக் குறைவு. கரைகளில் முள்ளை வெட்டி, மண் அணைத்து, பாதை பிரியும் இடங்களில் கண்மாயின் பெயரும் அடுத்த ஊருக்கான தூரமும் எழுதிய கல்லை நட்டால் போதும். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் காட்டோரச் சாலைகளைச் சில மணி நேரம் மோட்டார் வண்டிகளுக்கு மூடலாம். புரட்டாசியில் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலை சீனிவாசப் பெருமாள் கோயிலுக்குக் கூட்டம் பெருகும்போது அந்தச் சுற்றுப்புறத்தை மட்டும் விட்டுவிடலாம். தாரும் விளக்கும் கடையும் கரைமேல் வேண்டாம். கரை அகன்றால் காரும் வரும். கார் வந்தால் மனைக்கல்லும் பின்னாலேயே வரும்.

கரையில் ஆள் நடமாட்டம் இருந்தால் கண்மாய்க்கும் நல்லது. வரத்துக்கால்வாய் அடைபட்டதை, கலுங்கு உடைந்ததை, இரவோடு இரவாகக் குப்பை கொட்டியதை முதலில் பார்ப்பவர் அந்த வழியாக அடிக்கடி மெதுவாகப் போகிறவர்தான். தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று கால்களால் அறிந்த பிள்ளை, நாளை அந்த வழியை மறித்து யாராவது சுவர் எழுப்பினால் கேள்வி கேட்கும். மாடிப்படிக்கு அடியில் நிற்கும் சைக்கிளுக்கு இந்த வாரமே காற்றடித்து, அந்தப் பிள்ளையோடு பக்கத்துக் கண்மாய்வரை போய் வாருங்கள்.