ஐந்தருவி ஏற்றம்

என் கதாநாயகர்கள் மோட்டார் ஓட்டுவார்கள்; எனக்குத்தான் தெரியாது. அந்தக் குறை தீரத் தென்காசி நண்பர் ஒருவரின் பழைய ஜீப்பும் அவருடைய டிரைவர் அண்ணாச்சியும் கிடைத்தார்கள்.

1941-ல் அமெரிக்கப் பட்டாளத்துக்காக வில்லிஸ் கம்பெனி செய்யத் தொடங்கிய ஜாதி அது. முன்னே போக மூன்றே கியர். ஓட்டத்தில் முதல் கியருக்கு இறங்குவதானால் கிளட்சை இரண்டு தரம் மிதித்து, நடுவே எஞ்சினைச் சற்று உறும விட வேண்டும். தவறினால் பற்கள் நறநறக்கும். (என் பற்களுந்தான்.)

தென்காசிக் கோபுரம் மறைகிற வரையில் சமர்த்தாகவே ஓட்டினேன். ஐந்தருவி ஏற்றத்தில், சாரலில், முன்னே போன பஸ் நின்றது. நானும் நின்றேன், எஞ்சினும் நின்றது. ஜீப் பின்னுக்கு நழுவிற்று. பின்னால் மங்குஸ்தான் கூடையோடு ஒரு கிழவி!

"கைப்பிரேக்கை இழுங்க சார்!"

இழுத்தேன். நல்லவேளை, கிழவிக்கும் ஜீப்புக்கும் நடுவே ஒரு முழம் மிச்சம்.

"இப்போ ஸ்டார்ட் பண்ணி, முதல் கியர் போட்டு, கிளட்சைப் பைய விடுங்க. பாதியிலே வண்டி முக்கும். அங்கேயே காலை நிறுத்துங்க. எஞ்சினைக் கொஞ்சம் உறும விட்டுக் கைப்பிரேக்கை எடுங்க."

வண்டி முக்கிற்று. பிரேக்கை விட்டேன். ஓர் அங்குலங்கூடப் பின்வாங்காமல் ஏறியது.

மேலே நிறுத்திவிட்டு, நடந்து இறங்கிப்போய், கிழவியிடம் பேரம் பேசாமல் ஒரு டஜன் பழம் வாங்கினேன். விலை அதிகம் என்று அண்ணாச்சி கடைசிவரை சொல்லிக்கொண்டே வந்தார்.