மலையேறிய சிவப்பு சிலிண்டர்

அன்புள்ள வாலுக்கு,

பொங்கலுக்குக் கல்வராயன் மலைக்கு வர்றீங்க, கூடாரம் அடிச்சுத் தங்கப்போறீங்க, உன் வீட்டுக்காரர் கேஸ் ஹீட்டர் விலை விசாரிக்கிறார்னு எழுதியிருக்கே. அவரை அப்படியே உட்கார வெச்சிட்டு இதைப் படி.

போன வாரம் வெள்ளிமலையில எங்க பெரியப்பா பேத்திக்கு நிச்சயதார்த்தம். சிங்கப்பூர் மாப்பிள்ளை வீட்டாருக்கு மார்கழிக் குளிர் ஆகாதாம். சேலத்துலேர்ந்து ஹீட்டர் வாடகைக்கு வந்துச்சு. ஆளைவிட உசரமான கம்பம், தலையில தகரக் குடை, அடியில சிலிண்டர். சிலிண்டர் யாருதுங்கிறே? பெரியம்மா சமையக்கட்டுச் சிவப்பு சிலிண்டர்! விசேஷத்துக்கு 19 கிலோ நீலம்தான் எடுக்கணும்னு சொல்லிப் பார்த்தேன், யார் கேட்டா?

அந்தக் குடை மணிக்கு முக்கால் கிலோவுக்கு மேல கேஸ் குடிக்கும்டி. பெரியம்மா ஒரு மாசத்துக்கு மேல ஓட்டுற 14.2 கிலோ, ரெண்டு மூணு ராத்திரிக்குக்கூட வராது. சூடாவது கிடைச்சுதா? காத்து அடிச்சதும் அத்தனையும் ஆகாசத்துக்குப் போயிடுச்சு. மாப்பிள்ளையோட அத்தை, "தலை வேகுது, கால் விறைக்குது"ன்னு சால்வையைச் சுத்திக்கிட்டாங்க. பிரான்சுல ஓட்டல் வாசல்ல இதை வைக்கக்கூடாதுன்னு 2022 ஏப்ரல்லேயே தடை போட்டாச்சு. ஊரைச் சூடாக்கக் கேஸ் எரிக்கிறது அவங்களுக்கே வீண்னு பட்டிருக்கு.

நடுவுல சிலிண்டர் வேர்த்துச்சு. 'லீக்'குன்னு சின்னவன் கத்தினதுல பந்தியே எழுந்துருச்சு. உள்ளே திரவமா இருக்கிறது ஆவியாகும்போது சிலிண்டரோட சூட்டை இழுத்துக்கும், அதான் வெளியே ஈரம் கட்டுது. லீக்குன்னா நாத்தம் காட்டிக்கொடுக்கும், அதுக்குன்னே அந்த வாடையைக் கலக்கிறாங்க.

வாடையே இல்லாத சங்கதிதான் பயம். ராத்திரி பசங்க ஹீட்டரை ஹாலுக்குள்ள தள்ளிக் கதவைச் சாத்தப் பார்த்தானுங்க. நான் போட்ட சத்தத்துல சம்பந்தி வீடே முழிச்சுக்கிச்சு. 2020 ஜனவரியில நேபாளத்துல தாமன்ங்கிற இடத்துக்குச் சுற்றுலா போன கேரளாக்காரங்க எட்டுப் பேர், அதுல நாலு குழந்தைங்க, கேஸ் ஹீட்டர் போட்ட அறையில தூங்கினவங்க எழுந்திரிக்கவே இல்லை. அடைச்ச இடத்துல கேஸ் சரியா எரியாம கார்பன் மோனாக்சைடு சேரும். அதுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கூடாரமும் அடைச்ச இடம்தான், உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு.

அதனால வெளியே வெச்சா வீண், உள்ளே வெச்சா எமன். ஹீட்டரே வேணாம். குளிருக்குக் கம்பளி நான் தர்றேன். டீ போட மட்டும் 5 கிலோ சின்ன சிலிண்டர் போதும், இங்கேயே ஏஜென்சியில வாங்கிக்கலாம். உங்க ஊர்லேருந்து சிலிண்டரை ரயில்ல தூக்கிட்டு வந்து சின்னசேலத்துல இறங்கிடாதே. 2023 ஆகஸ்ட் 26-ல மதுரையில சுற்றுலாப் பெட்டி எரிஞ்சு ஒன்பது பேர் போனது, உள்ளே ஒளிச்சுக் கொண்டுவந்த சிலிண்டராலதான்.

கச்சிராயபாளையம் வழியா ஏறினா கோமுகி அணையைப் பார்த்துட்டுப் போகலாம். டீ போடும்போது கூடாரத்துக்கு வெளியே, காத்து மறைவா சமதரையில அடுப்பை வெச்சு, டியூப் மாட்டின இடத்துல சோப்புத் தண்ணி தடவிப் பாரு. குமிழ் வந்தா பத்தவைக்காதே.

நிச்சயத்துல மோதிரம் மாறின கூத்து ஒண்ணு இருக்கு. அதை எழுதினா கடுதாசி எங்க பெரியம்மா கையில சிக்கும். வா, நேர்ல சொல்றேன்.

இப்படிக்கு,
உன் வாயாடி