வைக்கோலில் ஒட்டிய கரி

காலையில் மாட்டுக்கு வைக்கோல் உதறினால் கை கறுத்துப்போகிறது. செவலை ஒரு தடவை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டை ஒட்டி நிலம் வைத்திருப்பவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. எங்கள் கழனிக்கு மேற்கே பழைய இரும்பை உருக்கும் கம்பெனி ஒன்று. ஆனி, ஆடியில் மேல்காற்று கிளம்பினால் அத்தனை கரியும் எங்கள் களத்தில்தான்.

"ராத்திரியில தூசி மிஷினை ஆஃப் பண்ணிடுறானுங்க" என்பதுதான் ஊர்ப்பேச்சு. நானும் மனுவில் அப்படியே எழுதிவைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை வந்த அக்கா மகன் அதைப் படித்துச் சிரித்தான். ஃபிட்டர், அங்கே ஷட்டவுன் வேலைக்குப் போய்வந்தவன்.

"மாமா, ஃபேன் ஓடத்தான் செய்யுது. பத்தல."

ஒரு உலைக்குக் கணக்குப் போட்டு வைத்த ஃபேனாம். பிறகு இரண்டாவது உலையையும் அதே குழாயில் சேர்த்துவிட்டார்கள். ஒரு மோட்டாரில் இரண்டு கழனிக்குப் பாய்ச்சுகிற கதை. குழாயில் காற்று நொடிக்குச் சுமார் 18 மீட்டராவது ஓட வேண்டும். குறைந்தால் வாய்க்காலில் வண்டல் மாதிரி தூசி உள்ளேயே படிந்து வழி இன்னும் சுருங்கும். வடிகட்டுற பை அடைத்துக்கொண்டால் இழுவை அதற்கு மேலும் குறையும்.

"நெல்லு தூத்தும்போது ஃபேன் காத்து களம் முழுக்கப் போகுதே, அந்த மாதிரி இழுக்காதா?" என்றேன். ஒரு மெழுகுவத்தியைக் கொளுத்தி, ஒரு முழம் தள்ளி வைத்து ஊதச் சொன்னான். அணைந்தது. அதே தூரத்திலிருந்து உறிஞ்சி அணைக்கச் சொன்னான். எனக்கு மூச்சு முட்டியதுதான் மிச்சம், சுடர் ஆடக்கூட இல்லை. உறிஞ்சும் காற்று, வாய் அகலம் அளவு தள்ளிப் போனாலே பத்தில் ஒரு பங்குதான் இருக்குமாம். அங்கே உலைக்கு மேல் கிரேன் போக வழிவிட்டு, கூண்டை எட்டாத உயரத்தில் மாட்டியிருக்கிறார்கள்.

"பெரிய புல்லி போட்டு வேகத்தைக் கூட்டலாமே?"

"20 சதவீதம் வேகம் கூட்டினா காத்தும் 20 தான் கூடும். மோட்டார் இழுக்கிற கரண்ட்டு 73 கூடும். காயில் எரிஞ்சிடும் மாமா."

எத்தனை காயில் கட்டியிருக்கிறேன், எனக்கா தெரியாது!

மனுவைத் திருத்திவிட்டேன். ஆஃப் செய்கிறார்கள் என்ற வரியை அடித்தாச்சு. ஃபேன் எத்தனை உலைக்குப் போட்ட கணக்கு, கூண்டு எவ்வளவு உயரம், பையை எப்போது மாற்றினார்கள் என்று மூன்றே கேள்வி. திங்கட்கிழமை திருவள்ளூர் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் கொடுக்கிறேன். நம்ம பக்கத்து ஆளுங்க வர்றதா இருந்தா காலை 7 மணிக்கு பஸ் ஸ்டாண்டுக்கு வந்துடுங்க. ஒரு பிடி வைக்கோலும் எடுத்துட்டு வாங்க.