ஆலையின் உத்தரம்

கலிஃபோர்னியாவின் வடமேற்கில் ஹம்போல்ட் வட்டாரம். கடல்பனி மூடிய மலைகளில் ரெட்வுட் மரங்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, நூறு மீட்டரையும் தாண்டி நிமிரக்கூடிய மரங்கள் அவை. அந்த ஆதிக்காட்டில் இன்று மிஞ்சியிருப்பது நூற்றுக்கு ஐந்து பங்குதான். மீதியெல்லாம் வீடாகவும் பாலமாகவும் தண்ணீர்த் தொட்டியாகவும் ரயில் பாதைக் கட்டையாகவும் போய்விட்டது. அப்படிப் போனதை மீட்டுக் கிட்டார் செய்யும் சிறு பட்டறை ஒன்றுக்குப் போயிருந்தேன். ஐம்பதைக் கடந்த ஓர் அம்மையார், அவரிடம் தொழில் பழகும் ஓர் இளைஞர். இரண்டே பேர்.

வாசலிலேயே கிடந்தது உத்தரம். பழைய மர அறுவை ஆலை ஒன்றைப் பிரித்தபோது கிடைத்ததாம். காட்டை அறுத்துத் தள்ளிய ஆலையைத் தாங்கி நின்றதும் அதே காட்டின் மரம்! இளைஞர் உலோகம் காட்டும் கருவியை அதன்மேல் அங்குலம் அங்குலமாக நகர்த்திக்கொண்டிருந்தார். உள்ளே ஒடிந்து கிடக்கும் ஓர் ஆணி போதும், ரம்பத்தின் பல் போய்விடும். ஆணி இருந்த இடத்தைச் சுற்றிக் கறுப்பாகக் கறை படிந்திருக்கும். ரெட்வுட்டின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் மை மாதிரி ஊறிவிடும். கறை ஒலியைக் கெடுப்பதில்லை. ஆனாலும் வாங்குபவர்களில் பாதிப் பேர் அதை விரும்புவதில்லை என்றார் அம்மையார். எனக்கோ அந்தக் கறை பிடித்திருந்தது.

உத்தரத்தில் பெரும்பகுதி கழிவுதான். ஆண்டு வளையங்கள் பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக நிற்கும்படி அறுக்கவேண்டும். நார் கோணலாக ஓடினாலும் பலகை கழிந்துபோகும். முடிச்சு, வெடிப்பு இருந்தாலும் அப்படியே. தேறிய பலகையைப் புத்தகம் விரிப்பதுபோல இரண்டாக விரித்து, விளிம்போடு விளிம்பு ஒட்டினால் அதுதான் கிட்டாரின் முகப்பலகை. ஒரு சென்டிமீட்டருக்குள் பத்துப் பன்னிரண்டு வளையங்களை எண்ணமுடிந்தது. பெருமரங்களின் நிழலில் நின்று, அவசரமில்லாமல் வளர்ந்த மரம் அது. இன்றைய தோட்ட மரங்களில் இந்த நெருக்கம் கிடையாது.

அடுத்த வேலைதான் என்னை நெடுநேரம் நிற்கவைத்தது. அம்மையார் பலகையை விளிம்பருகே இரு விரல்களால் தொங்கவிட்டு, விரல் முட்டியால் தட்டிக் கேட்கிறார். இழைப்புளியால் நாலு இழுப்பு, மறுபடி தட்டல். ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டருக்கு வந்ததும் வேகம் குறைகிறது. கம்பிகளை முறுக்கேற்றினால் எழுபது எண்பது கிலோ இழுவை இந்த மெல்லிய பலகைமேல் விழும். கனமாக விட்டால் ஒலி அடைபடும், அதிகம் இழைத்தால் பலகை குழிந்துவிடும். ரெட்வுட்டோ நகம் பட்டாலே பள்ளம் விழுகிற மென்மரம். உட்புறத்தில் பெருக்கல் குறி வடிவில் ஒட்டும் தாங்கு சட்டங்களையும் இதேபோல் உளியால் செதுக்கிச் செதுக்கிக் கேட்கிறார். எங்கே நிறுத்துவது என்பதை இளைஞருக்கு அவர் வாயால் சொல்லிக்கொடுக்கவில்லை. பலகையை இளைஞரின் கையில் கொடுத்துத் தட்டச் சொன்னார், அவ்வளவே.

பழைய மரம் என்றாலே தானாகப் பாடும் என்று விற்பனைக்காரர்கள் சொல்வதுண்டு. நான் அதை ஏற்கவில்லை. பல பத்தாண்டுகள் ஈரம் ஏறி, இறங்கி, பழகிய மரம் இனிமேல் அதிகம் நெளியாது; அந்த நன்மை மெய். ஒலியோ கைத்திறத்தில் இருக்கிறது. ஸ்பெயினின் அந்தோனியோ தெ தோரஸ் 1862இல் பக்கங்களையும் முதுகையும் அட்டையால் செய்து, முகப்பை மட்டும் நல்ல மரத்தில் அமைத்த கிட்டார் பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இந்த அம்மையாரும் தன் உழைப்பில் பெரும்பங்கை முகப்பலகைக்கே கொடுக்கிறார்.

முதுகுக்கும் பக்கங்களுக்கும் எடுத்த மரத்தைப் பார்த்ததும் நெருங்கிப்போனேன். கருஞ்சிவப்பில் ஊதா ஓடிய பலகை. நம் மேற்கு மலைத்தொடரின் ஈட்டி, தோதகத்தி என்று நாம் சொல்லும் அதே மரம். பிரேசில் நாட்டு ஈட்டி வகை கிடைப்பது அரிதானதும், 1969 வாக்கில் கிட்டார் செய்யும் மார்ட்டின் நிறுவனம் நம் ஈட்டிக்கு மாறியது. மற்றவர்களும் பின்தொடர, உலகத்துக் கிட்டார்களில் அது பரவிவிட்டது. 2017 முதல் அதன் பன்னாட்டு வணிகத்துக்கும் கட்டுப்பாடு உண்டு. இந்தப் பலகைகள் அதற்கு வெகுகாலம் முன்பு அறுபட்டவை. தொழிலை விட்ட முதியவர் ஒருவரின் பரணிலிருந்து வந்தவை. சுடுகுழாயில் வைத்து அவற்றை வளைக்கும்போது பட்டறை முழுக்க இனிய மணம் எழுந்தது.

முடிந்த கிட்டாரின் உள்ளே ஒட்டும் சீட்டைக் காட்டினார். ரெட்வுட் எந்த ஆலையிலிருந்து, எந்த ஆண்டில் பிரிக்கப்பட்டது என்று கையால் எழுதியிருந்தது. ஈட்டிக்கு நேரே இந்தியா என்ற சொல் மட்டும். வயநாடா, நீலகிரியா, ஆனைமலையா என்று கேட்டேன். எந்தத் தாளும் அதோடு வரவில்லை என்றார். ஆலை உத்தரத்துக்கு அவர் கொடுத்த மரியாதை அந்த மலை மரத்துக்கும் உரியது. ஊர் தெரிந்தால் சேர்த்து எழுதுவதற்கு அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் இடம் விடும்படி கேட்டுக்கொண்டேன். இனி எழுதும் சீட்டுகளில் விடுவதாகச் சொன்னார்.