எண்பத்தேழில் ஒரு பங்கு

கடை ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டு கடைக்காரர் முதலில் செய்த வேலை, மெஷினில் இருந்த பிளேடைக் கழற்றியதுதான். பகல் முழுக்க புல்லட்டுக்கும் டெம்போவுக்கும் நம்பர் பிளேட் ஸ்டிக்கர் வெட்டிய 45 டிகிரி பிளேடு அது. அதை ஒரு மருந்து டப்பாவில் போட்டு மூடினார். மேசை டிராயரிலிருந்து 60 டிகிரி பிளேடு ஒன்றை எடுத்து டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது அட்டைக்கு மட்டுந்தானுங்க தம்பி. வினைல் பசை ஒரு பொட்டு ஒட்டுனாலும் அட்டையில பிசிறு அடிச்சிரும்."

போத்தனூரில், ரயில்வே ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கிறது இந்த ஸ்டிக்கர் கடை. பகலில் பிழைப்பு. இரவு ஒன்பதுக்கு மேல் அதே மெஷினில் ஒரு மீட்டர்கேஜ் ரயில் நிலையம் முளைக்கிறது: பிளாட்பாரம், தண்ணீர்த் தொட்டி, கேட் கீப்பர் குடிசை, சிக்னல் கேபின். எல்லாம் நிஜத்தில் எண்பத்தேழில் ஒரு பங்கு. இரண்டு இரவுகள் பக்கத்திலிருந்து பார்த்ததில், பெரும்பகுதி நேரம் கேபினின் ஒரே ஒரு ஜன்னலுக்குப் போயிற்று.

போத்தனூரில் ரயில் பைத்தியம் பிடித்தவர்கள் இருப்பதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. சென்னையிலிருந்து மேற்குக் கரை பேப்பூர் வரை 1862-ல் ரயில் போனது இந்த ஊர் வழியாகத்தான். கோயம்புத்தூர் நகரத்துக்கே போத்தனூரிலிருந்து மேட்டுப்பாளையம் போகிற பாதையில்தான், 1873-ல், ரயில் வந்தது. ரயில்வேயின் சிக்னல் பட்டறை இங்கே இருக்கிறது. கடைக்காரரின் அப்பா அந்தப் பட்டறையில் ஃபிட்டர். கைகாட்டி மரத்தின் கை ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்து ஸ்கூலுக்குக் கிளம்பிய வீடு.

அந்த வீட்டுப் பிள்ளைக்கு மனசில் நின்றது பொள்ளாச்சி போகிற மீட்டர்கேஜ் தடம். 2009-ல் அதில் வண்டிகள் நின்றன. 2017-ல் அகலப்பாதையாகத் திரும்பி வந்தது. 1992-ல் தொடங்கிய ஒரே அகலத் திட்டத்தில் நாடு முழுக்க மீட்டர்கேஜ் தடங்கள் இப்படித்தான் மாறின. பயணிகளுக்கு அதனால் பெரிய வசதி, அதில் இரண்டாவது பேச்சில்லை. ஆனால் பாதை அகலமானபோது அதன் ஓரத்தில் நின்றவையும் போயின: கை நெம்புகோல் கேபின், இஞ்சினுக்குத் தண்ணீர் கொடுத்த தூண், ஓட்டுக் கூரை வெயிட்டிங் ஹால். இன்று தமிழ்நாட்டில் மீட்டர்கேஜ் வண்டி ஏற வேண்டுமானால் நீலகிரி மலை ரயிலுக்குத்தான் போக வேண்டும்.

வண்டி நிற்கப்போகிறது என்று தெரிந்ததும், 2008-ல், ஞாயிற்றுக்கிழமை தோறும் அவர் டேப்பும் நோட்டும் தூக்கிக்கொண்டு கிளம்பியிருக்கிறார். ஸ்டேஷன் மாஸ்டர்களிடம் கேட்டு அனுமதி வாங்கி அளந்தது. அந்த நோட்டு இப்போதும் இருக்கிறது, பழைய கணக்கு நோட்டு. ஒரு பக்கத்தில் ஜன்னல் ஒன்றின் படம், பென்சிலில். சட்டத்தின் அகலம், கண்ணாடிகளுக்கு நடுவே ஓடும் மரத்தாலான பட்டையின் கனம், கீல் எத்தனை, தாழ்ப்பாள் உள்ளேயா வெளியேயா, சுண்ணாம்பு அடித்தபோது சட்டத்தில் எவ்வளவு தூரம் வழிந்திருக்கிறது என்பது வரைக்கும் எழுதியிருக்கிறார். ஏணி கிடைக்காத இடத்தில் செங்கல்லை எண்ணியிருக்கிறார். பூச்சு உதிர்ந்த சுவரில் ஒரு வரிசைக்குக் கலவையோடு சேர்த்து 3 அங்குலம். 52 வரிசை என்றால் 13 அடி. கேமராவில் எடுக்கும்போது சிவப்பும் வெள்ளையும் அடித்த ஒரு மீட்டர் பட்டையைச் சுவரில் சாய்த்துவைத்தே எடுத்தார். அந்தப் பட்டை படத்தில் விழுந்துவிட்டால் மற்ற எல்லாவற்றையும் பிறகு வீட்டில் அளந்துகொள்ளலாம்.

"மெஷின் இருந்தா யாரும் பண்ணலாமே" என்று கடைக்கு வருகிற பலரும் சொல்கிறார்கள். இந்த நோட்டைப் பார்த்த பிறகு அப்படிச் சொல்ல வாய் வராது. மெஷினுக்கு ஜன்னல் என்றால் என்னவென்று தெரியாது. கோடு போட்டுக் கொடுத்தால் அந்தக் கோட்டில் ஓடும். கொடுத்தது தப்பென்றால் பதினான்கு ஜன்னலையும் ஒரே மாதிரி, அழகாக, தப்பாக வெட்டிக் கொடுக்கும். அது ஒருமுறை நடந்தும் இருக்கிறது. அந்தப் பதினான்கையும் அவர் வீசவில்லை. ஒரு பிஸ்கட் டின்னில் கிடக்கின்றன.

இனி அளவுக் கணக்கு. 1:87 என்பது உலகம் முழுக்க மாதிரி ரயில்காரர்கள் அதிகம் புழங்கும் அளவு. அதில் ஒரு செங்கல் வரிசையின் உயரம் 0.88 மில்லிமீட்டர். ஏழடிக் கதவு 24.5 மில்லிமீட்டர், சுண்டுவிரலில் பாதிகூட இல்லை. தண்டவாளத்தில்தான் இந்தியர்களுக்குச் சங்கடம். நம் அகலப்பாதை 1,676 மில்லிமீட்டர், சுருக்கினால் 19.3 வர வேண்டும். கடையில் கிடைக்கும் தடமோ ஐரோப்பிய, அமெரிக்கப் பாதைக்கானது, 16.5. அதன்மேல் நம் ரயில் பெட்டியை வைத்தால் ஒல்லிக் காலில் பெரிய உடம்பு நிற்கிற மாதிரி இருக்கும். மீட்டர்கேஜுக்கு அந்தக் குறை கிட்டத்தட்ட இல்லை. ஆயிரத்தை 87-ஆல் வகுத்தால் 11.5, சுவிட்சர்லாந்தின் மீட்டர்கேஜ் மலை ரயில்களின் மாதிரிக்கென்று 12 மில்லிமீட்டர் தடம் விற்கிறார்கள். நீலகிரியில் பல்சக்கரப் பாதை ஏறிய பழைய எக்ஸ் வகை இஞ்சின்களும் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரத்தில் செய்தவைதான். அந்தத் தொடர்பைச் சொல்லும்போது அவர் முகத்தில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தைப் பற்றிப் பேசுகிற சந்தோஷம்.

மெஷின் ஓடத் தொடங்கியது. முதலில் அட்டையின் மூலையில் ஒரு சின்னச் சதுரம், அதற்குள் முக்கோணம். பிளக்கரால் இரண்டையும் தூக்கிப் பார்த்தார். சதுரத்தின் மூலைகள் கூராக வந்திருந்தன, அடியில் இருந்த பசை விரிப்பில் லேசான கீறல் மட்டும். "ஆழம் சரிதானுங்க."

இந்தப் பிளேடு பேனா மாதிரி நடுவில் முனை கொண்டதில்லை. முனை ஒரு இம்மி பின்தள்ளி இருக்கும், மாட்டு வண்டியின் சக்கரம் மாட்டுக்குப் பின்னால் வருவதுபோல் இழுபட்டு வரும். எனவே மூலையில் திரும்பும்போது கொஞ்சம் தாண்டிப் போய்த் திரும்பினால்தான் மூலை கூராக விழும். அந்தத் தாண்டலை கம்ப்யூட்டரில் எண்ணாகக் கொடுக்க வேண்டும். எண் பிசகினால் எல்லா ஜன்னலும் மூலை உருண்டு, கப்பல் ஜன்னல் ஆகிவிடும். டின்னில் கிடக்கும் பதினான்கின் கதை அதுதான்.

வெட்டுகிற வரிசையும் முக்கியம். உள்ளே இருக்கும் கண்ணாடிக் கட்டங்கள் முதலில், சட்டத்தின் வெளிக்கோடு கடைசியில். வெளிக்கோட்டை முதலில் வெட்டினால் துண்டு நகர்ந்துபோகும். சுவருக்கு 300 ஜிஎஸ்எம் அட்டை, கனம் 0.4 மில்லிமீட்டர். ஒன்பது அங்குலச் சுவர் 2.6 மில்லிமீட்டர் வர வேண்டும். ஆறு அட்டைகளை அடுக்கி ஒட்டி, அதன்மேல் செங்கல் கீறிய மெல்லிய தாள் ஒன்று. நடு அடுக்கில் மட்டும் ஜன்னல் ஓட்டை அரை மில்லி பெரிதாக இருக்கும், சட்டம் அங்கே போய் உட்கார. செங்கல் கோடுகளை வெட்டுவதில்லை, அழுத்துவது. பிளேடைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மை தீர்ந்த பால்பாயிண்ட் ரீஃபில் ஒன்றை மாட்டுகிறார். மெஷின் அதை இழுத்துக்கொண்டே போக, தாளில் வரிவரியாகப் பள்ளம் விழுகிறது. விரலால் தடவினால் தெரிகிறது.

முதல் கேபின் ஐப்பசி மழையில் வளைந்துபோனது. பெவிகாலில் தண்ணீர் இருக்கிறது, அட்டை ஒரு பக்கம் மட்டும் குடித்தால் வளைந்துவிடும். இப்போது அட்டையின் நார் ஓடும் திசையை அடுக்குக்கு அடுக்கு மாற்றி ஒட்டுகிறார், ஒரு ராத்திரி முழுக்க டைல்ஸ் துண்டுக்கு அடியில் வைக்கிறார். கதவுக்குப் பாலிஷ் போடுகிறவர்கள் ஸ்பிரிட்டில் கரைக்கும் அரக்கு இருக்கிறதே, அதை இரண்டு பக்கமும் பூசுகிறார்.

வெட்டிய ஜன்னலை எடுப்பது அவரில்லை. கடையில் நான்கு வருஷமாக ஸ்டிக்கரில் வேஸ்ட் உரிக்கிற அக்கா ஒருவர் இருக்கிறார். பகல் வேலைக்குச் சம்பளம், மாடல் வேலைக்கு மணிக்கணக்கில் தனி. விரிப்பை மடியில் வைத்தார், எழுந்துபோய் ஃபேனை நிறுத்தினார். பிளக்கர் முனையால் ஒவ்வொரு கண்ணாடிக் கட்டமாகக் குத்தித் தூக்கினார். ஒரு ஜன்னலில் ஆறு கட்டம். கட்டங்களுக்கு நடுவே நிற்பது தடித்த நூல் அளவே ஆன ஒரு பட்டை.

"பேசக் கூடாதுங்க. மூச்சு பட்டாப் போயிரும்" என்றார், அந்த ஜன்னலை எடுத்து முடித்த பிறகு.

அந்தப் பட்டையின் கனத்தை முடிவு செய்ததும் அக்காதான். நோட்டில் ஒன்றரை அங்குலம். சுருக்கினால் 0.44. அப்படி வெட்டியதில் பாதி, எடுக்கும்போதே அறுந்தன. கடைக்காரர் 0.6 ஆக்கினார். அறுபடவில்லை, ஆனால் பெயின்ட் அடித்ததும் சிறைச்சாலை ஜன்னல் மாதிரி ஆயிற்று. அக்காதான் சொல்லியிருக்கிறார்: வெட்டின பிறகு எதற்கு அரக்கு பூசுகிறீர்கள், வெட்டுமுன் பூசுங்கள், அட்டை விறைத்துக்கொள்ளும் என்று. பூசிக் காயவைத்து 0.5 வெட்டினார்கள். நின்றது. இந்தக் கேபினின் எல்லா ஜன்னலும் அந்தப் பக்குவத்தில் செய்தவை. என்னைக் கேட்டால் கேபினின் அடியில் பேர் எழுதுவதாயிருந்தால் இரண்டு பேர் எழுத வேண்டும்.

கோவையில் கட்டட மாடல் செய்யும் கடைகளில் லேசர் இருக்கிறது. அவரும் படிக்கட்டுக்கு அங்கே போவார். லேசர் வேகமானது, கனமான எம்டிஎஃப்பையும் வெட்டும். ஆனால் அட்டையின் ஓரம் கருகிப் பழுப்பாகும், வெள்ளை ஜன்னலுக்கு அது ஆகாது.

இந்த வேலையைப் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட முடியாது என்பதற்கு வெளியிலும் ஆதாரம் உண்டு. ஆஸ்திரேலியாவிலிருந்து 1925-ல் இங்கிலாந்து வந்த ராய் இங்லண்ட், அங்கே கிராமங்களின் பழைய குடிசைகள் உருமாறிப் போவதைப் பார்த்து, அவற்றை அட்டையில் செய்துவைக்க முடிவெடுத்தார். லாங் விட்டன்ஹாம் என்ற ஊரில் 1954-ல் அவர் தொடங்கிய பெண்டன் அருங்காட்சியகத்தில் அந்தப் பழைய கிராமப்புறம் ரயிலோடு சேர்ந்து இருக்கிறது. நம் நாட்டில் புனேயில் பாவ் ஜோஷி வீட்டில் தொடங்கிய ஆசை, 1998-ல் ஊரே போய்ப் பார்க்கும் சின்ன ரயில் அருங்காட்சியகமாகத் திறந்தது. பெண்டன் படங்களைத் தன் போனில் காட்டினார் கடைக்காரர். ஒரு குடிசையின் புகைபோக்கியைப் பெரிதாக்கி, "செங்கல் எண்ணியிருக்காருங்க" என்றார்.

போத்தனூர்க் கேபினின் கூரை கழற்றி மாட்டுகிற மாதிரி இருக்கிறது. கழற்றினால் உள்ளே வரிசையாகப் பதினாறு லீவர்கள், ஒவ்வொன்றும் 14 மில்லிமீட்டர். தரையில் டீ வடிகட்டியில் சலித்த மண். லீவர்களுக்கு முதலில் எல்லாவற்றுக்கும் சிவப்பே அடித்திருக்கிறார். அந்தத் தடத்தில் வேலை பார்த்து ரிட்டயரான கேபின்காரர் ஒருவர் வந்து எட்டிப் பார்த்திருக்கிறார். "எல்லாம் செவப்பா இருந்தா எதைய இழுப்ப கண்ணு?"

அன்று ராத்திரி அவர் சொல்லச் சொல்ல நோட்டில் புதுப் பக்கம் ஏறியது. கைகாட்டிக்குச் சிவப்பு, முன்னெச்சரிக்கை சிக்னலான வார்னருக்குப் பச்சை, தடம் பிரியும் பாயிண்ட்டுக்குக் கறுப்பு, பூட்டுக்கு நீலம், சும்மா நிற்கும் லீவருக்கு வெள்ளை. கறுப்பை இழுத்துப் பாயிண்ட்டைத் திருப்பி, நீலத்தால் பூட்டி, அதற்குப் பிறகுதான் சிவப்பு அசையும். முன்னால் இழுத்தால் லீவர் வராது, அடியில் இரும்பு பிடித்துக்கொள்ளும். பதினாறையும் மறுபடி வெட்டிப் பெயின்ட் அடித்தார்கள்.

இரண்டாம் இரவு அந்தப் பெரியவர் வந்தார். அக்கா நாற்காலியை நகர்த்திப் போட்டார். உட்காரவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, புதிதாக மாட்டிய ஜன்னல் வழியே ஒரு கண்ணால் பார்த்தார். உள்ளே சின்ன எல்இடி எரிந்தது. ரொம்ப நேரம் பார்த்தார்.

"பெஞ்சு எங்க கண்ணு?"

"எந்தப் பெஞ்சுங்க மாமா?"

"செவுத்தோரமா ஒண்ணு கெடக்குமே. டூட்டி முடிஞ்சு ஊருக்குப் போற வண்டி வர்ற வரைக்கும் அதுலதான் படுத்திருப்பேன்."

நோட்டைப் புரட்டினார் கடைக்காரர். பெஞ்சு இல்லை. 2008-ல் அவர் அளக்கப் போனபோது அது அங்கே இல்லாமலும் இருந்திருக்கலாம். போட்டோக்களையும் பார்த்தார், அதிலும் இல்லை.

"எவ்வளவு நீளமுங்க இருக்கும்?"

"நான் மல்லாந்து படுத்தா கால் ஒரு சாண் வெளிய நிக்கும்."

கடைக்காரர் டேப்பை எடுத்துக்கொண்டு எழுந்தார். பெரியவரைச் சுவரில் சாய்த்து நிறுத்தி அளந்தார்: 164 சென்டிமீட்டர்.

"அது இப்ப. சர்வீஸ் ரிஜிஸ்டர்ல அஞ்சடி ஆறங்குலமுன்னு எழுதியிருக்குது. அதைய வெச்சுக்க."

ஐந்தடி ஆறங்குலம் என்றால் 1,676 மில்லிமீட்டர், சரியாக அகலப்பாதையின் அகலம். யாரும் அதைச் சொல்லிக்கொள்ளவில்லை. பெரியவர் உள்ளங்கையை மேசைமேல் விரித்து வைத்தார். கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை டேப் 210 காட்டியது. கடைக்காரர் நோட்டில் கழித்தார், 87-ஆல் வகுத்தார். பலகை எத்தனை, கால் எத்தனை, சாய்மானம் உண்டா என்று கேட்டுக்கொண்டே கம்ப்யூட்டரில் ஒரு செவ்வகம் போட்டு நீளத்தில் 16.85 என்று அடித்தார். அக்கா எழுந்துபோய் ஃபேனை நிறுத்தினார்.