தண்ணீரில் நின்ற டாக்ஸி

வங்கியில் பணியாற்றிய முப்பத்தைந்து ஆண்டுகளில், சரிபார்க்காத ஒரு சீட்டில் நான் கையெழுத்திட்டதில்லை. ஆனால் பெற்ற தாயிடம், அதுவும் அம்பாளின் சந்நிதியில் நின்றுகொண்டு, ஒரு பொய் சொன்னேன். அது 1987-ஆம் ஆண்டு ஆடி மாதத்துக் கடைசி வெள்ளிக்கிழமையன்று கல்கத்தாவில் நிகழ்ந்தது.

அந்நகருக்கு நான் மாற்றலாகி அப்போது ஓராண்டு ஆகியிருந்தது. வடக்கே சியாம்பஜார் பகுதியில் குடியிருந்தோம். கும்பகோணத்துக்கு அருகிலுள்ள எங்கள் ஊரிலிருந்து என் தாயார் வந்திருந்தார். பேரக்குழந்தைகளைப் பார்க்கப் போவதாக ஊரில் சொல்லிக்கொண்டாரே தவிர, உண்மையில் வந்தது ஒரு நேர்த்திக்கடனைச் செலுத்துவதற்காக. ஆறு வயதில் எனக்கு டைபாய்டு கண்டு, மூன்று வாரம் சுரம் இறங்காமல் கிடந்தேனாம். கல்கத்தாவில் ரயில்வேயில் வேலை பார்த்த என் தாய்மாமன், காளிகாட் குங்குமத்தை அஞ்சலில் அனுப்பினார். அதை என் நெற்றியில் இட்டு, பிள்ளை பிழைத்தால் அந்தச் சந்நிதிக்கு வந்து சிவப்புப் புடவை சாத்துவதாக அம்மா வேண்டிக்கொண்டார். நான் பிழைத்தேன். புடவைதான் இருபத்தேழு ஆண்டுகளாகப் பாக்கி நின்றது.

காளிகாட் சக்தி பீடங்களுள் ஒன்று. தாட்சாயணியின் வலக்கால் விரல்கள் விழுந்த தலம் என்பர். இப்போதுள்ள கோயில் 1809-ல் எழுந்தது. அங்கே அம்பாளுக்கு நம் ஊர்க் கோயில்களைப்போல முழு உருவம் இல்லை. கருங்கல்லில் திருமுகம், மூன்று பெரிய கண்கள், வெளியே நீண்ட பொன் நாக்கு. மாமா கடிதத்தில் எழுதியிருந்த இந்த வருணனை அம்மாவுக்கு மனப்பாடம்.

வந்த முதல் வாரம் மழை. இரண்டாம் வாரம் என் இளைய மகளுக்குக் காய்ச்சல். சனிக்கிழமை இரவு மெட்ராஸ் மெயிலில் அம்மாவுக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது. ஆகவே வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு, காலை ஏழு மணிக்குத் தெருமுனையில் ஒரு மஞ்சள் அம்பாசடர் டாக்ஸியை நிறுத்தினேன். (அந்நாளைய கல்கத்தா டாக்ஸியில் மீட்டர் காட்டும் தொகை ஒன்று, கொடுக்கவேண்டிய தொகை வேறு, ஓட்டுநர் வைத்திருக்கும் ஓர் அட்டையைப் பார்த்துக் கணக்கிடவேண்டும். வங்கிக்காரனாகிய எனக்கே அது கடைசிவரை பிடிபடவில்லை.) ஓட்டுநர் பீகாரைச் சேர்ந்த பெரியவர். மடியில் புடவைப் பொட்டலத்துடன் ஏறிய அம்மாவைப் பார்த்து, "மாதாஜி, காளிகாட்தானே?" என்று அவரே கேட்டார்.

இரவெல்லாம் பெய்த மழை மறுபடி பிடித்துக்கொண்டது. பிதான் சரணியில் டிராம் தண்டவாளம் கண்ணுக்குத் தெரியவில்லை. தந்தனியா என்ற இடத்தை நெருங்கியபோது தண்ணீர் கதவின் இடுக்கு வழியே உள்ளே வந்தது. சிறு மழைக்கே தெப்பக்குளமாகும் இடம் அது என்று பின்னர் அலுவலக நண்பர்கள் சிரித்தார்கள். சைலன்சரில் நீர் புகுந்து வண்டி இரண்டு முறை குலுங்கி நின்றுபோயிற்று. முன்னும் பின்னும் அப்படியே பல வண்டிகள். கைரிக்‌ஷாக்கள் மட்டுமே ஓடின. தன்னைப்போன்ற ஒரு மனிதன் இழுக்கும் வண்டியில் ஏறமாட்டேன் என்று அம்மா மறுத்துவிட்டார்.

ஒரு மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தோம். அம்மா காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பருகவில்லை. அப்போது மழைச் சத்தத்தின் நடுவே கோயில் மணி கேட்டது. ஐம்பது அடி தூரத்தில், சாலையை ஒட்டியே ஒரு காளி கோயில். அம்மாவின் முகம் மலர்ந்தது. "வந்துட்டோமா தம்பி?" என்றார்.

நான் வாய் திறப்பதற்குள் கதவைத் திறந்து முழங்கால் தண்ணீரில் இறங்கிவிட்டார். ஓட்டுநர் பெரியவர் ஓடிவந்து, "மாதாஜி, செருப்பு என்னிடம் இருக்கட்டும்" என்று வாங்கி வண்டியின் முன்பக்கம் வைத்துவிட்டு, அம்மாவின் ஒரு கையைப் பிடித்துக்கொண்டார். மறுகை என்னிடம். அந்தக் கலங்கல் நீரில் ஒவ்வோர் அடியாகக் காலால் துழாவித் துழாவி நடந்தோம்.

உள்ளே அம்பாள் சிவபெருமான்மீது கால் வைத்து முழுத் திருவுருவாக நின்றிருந்தாள். கழுத்து நிறையச் செம்பருத்தி மாலை. அம்மா நெடுநேரம் பார்த்தார். பிறகு மெதுவாக, "இதுதானேப்பா காளிகாட்?" என்றார்.

"ஆமாம்மா."

"முகம் மட்டுந்தான் இருக்கும், நாக்கு தங்கம்னு மாமா எழுதியிருந்தாரே?"

"வெள்ளிக்கிழமை அலங்காரம் வேற மாதிரி இருக்கும்மா."

எவ்வளவு சரளமாக வந்தது அந்தப் பதில்! அம்மா மேற்கொண்டு கேட்கவில்லை. புடவையை அர்ச்சகரிடம் கொடுத்தார். அவர் அதை அம்பாளின் திருவடியில் சாத்தி, ஒரு செம்பருத்திப் பூவை அம்மாவின் கையில் வைத்தார். அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அம்மா அழுதார். மறுநாள் ரயிலேறினார். அடுத்த ஆண்டு எனக்கு மாற்றல் வந்தது. அதற்கு முன் ஒருநாள் நான் மட்டும் காளிகாட்டுக்குச் சென்றேன். மூன்று கண்களும் பொன் நாக்கும் மாமா எழுதியபடியே இருந்தன. நிமிர்ந்து பார்க்க என்னால் முடியவில்லை. ஒரு கிளைக்குச் சேரவேண்டிய காசோலையை வேறொரு கிளையில் கட்டிவிட்டு, வாடிக்கையாளரிடம் ரசீதும் கொடுத்துவிட்டவன் நான்.

1999-ல் அம்மா காலமானார். உண்மையைச் சொல்லவே இல்லை.

ஓய்வுக்குப் பின் கப்பற் பயணங்கள் பற்றிய நூல்களை விரும்பிப் படிக்கலானேன். அவற்றுள் ஒன்று, வாஸ்கோட காமாவுடன் வந்த பெயர் தெரியாத ஒருவர் எழுதிய நாட்குறிப்பின் ஆங்கில மொழிபெயர்ப்பு. 1497 ஜூலை 8-ஆம் நாள் லிஸ்பனிலிருந்து நான்கு கப்பல்கள் புறப்பட்டன. ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு, மறு ஆண்டு ஏப்ரலில் அதன் கீழ்க்கரையிலுள்ள மலிந்திக்கு வந்து சேர்ந்தன. அங்கே இந்திய வணிகர்களின் கப்பல்கள் நின்றன. அவர்களுள் சிலர் போர்த்துகீசியரின் கப்பலுக்கு வந்தபோது, கன்னி மேரியின் படம் ஒன்றை அவர்களுக்குக் காட்டினார்கள். நம்மவர்கள் பார்த்த மாத்திரத்தில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து வணங்கினார்கள். போர்த்துகீசியர் அங்கிருந்த நாட்களிலெல்லாம் கிராம்பும் மிளகும் கொண்டுவந்து அந்தப் படத்தின்முன் வைத்து வழிபட்டார்களாம். இவர்கள் கிறித்தவர்களே என்று போர்த்துகீசியர் முடிவு கட்டிவிட்டார்கள்.

மலிந்தி மன்னர் கொடுத்த வழிகாட்டியின் துணையால் இருபத்து மூன்றே நாட்களில் கடலைக் கடந்து, 1498 மே 20 அன்று கோழிக்கோட்டுக்கு அருகே நங்கூரம் பாய்ச்சினார்கள். தென்மேற்குக் காற்றை அறிந்தவன் காட்டிய வழி அது. சாமூதிரி மன்னரைக் காணப் பதின்மூன்று பேருடன் பல்லக்கில் சென்றபோது, வழியில் அவர்களை ஒரு பெரிய கோயிலுக்கு அழைத்துச் சென்றார்கள். நாட்குறிப்பு அதை மாதா கோயில் என்றே குறிப்பிடுகிறது. வாயிலில் கப்பலின் பாய்மர உயரத்துக்கு ஒரு வெண்கலக் கம்பம், அதன் உச்சியில் ஒரு பறவை. வாசலில் ஏழு சிறு மணிகள். நம் கொடிமரம் நம் கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. கருவறையினுள் இருந்த சிறு திருவுருவத்தைக் கன்னி மேரி என்றே கருதி, வாஸ்கோட காமாவும் உடன் வந்தவர்களும் அங்கே வணங்கினார்கள். அர்ச்சகர்கள் தீர்த்தம் தெளித்தார்கள். நெற்றியில் இட்டுக்கொள்ள வெண்மையான மண் போன்ற ஒன்றைக் கொடுத்தார்கள். பிறகு இட்டுக்கொள்வதாகச் சொல்லி அவர் அதை ஒருவரிடம் கொடுத்துவிட்டார். சுவரில் தீட்டியிருந்த 'புனிதர்'களுக்குப் பல் வெளியே நீண்டிருந்தது, நான்கைந்து கைகள் இருந்தன என்றும் நாட்குறிப்பு எழுதிவைத்திருக்கிறது. எழுதியவர் அதற்குமேல் ஐயம் எதுவும் காட்டவில்லை. உடன் மண்டியிட்ட ஒருவர் மட்டும், இது வேறெதுவாக இருந்தாலும் நான் வணங்குவது மெய்யான கடவுளையே என்று சொல்லிக்கொண்டதாகப் பின்னாளைய போர்த்துகீசிய வரலாற்றாசிரியர் ஒருவர் எழுதுகிறார்.

அவர்கள் திரும்பிய கதை கொடியது. காற்றின் போக்கைப் பொருட்படுத்தாமல் அக்டோபர் தொடக்கத்தில் நம் கரையை விட்டார்கள். இருபத்து மூன்று நாளில் வந்த கடலைக் கடக்க ஏறக்குறைய மூன்று மாதம் பிடித்தது. ஈறு வீங்கி உணவு கொள்ள முடியாமல் முப்பது பேர் மாண்டார்கள். கப்பல் ஒன்றுக்கு ஏழெட்டுப் பேரே வேலை செய்யும் நிலையில் இருந்தார்கள். ஆளில்லாமல் ஒரு கப்பலை அவர்களே எரிக்க நேர்ந்தது. பின்னர் மீண்டும் வந்து அவர் செய்த கொடுமைகளை நான் மறக்கவில்லை. ஆயினும் அந்தக் கோயில் பக்கத்தை மட்டும் மூன்று முறை படித்தேன். முகம் அடையாளம் தெரியாமல் அம்பாளின் முன் நின்ற கூட்டத்தில் என் தாயும் நிற்பதாகத் தோன்றியது.

தந்தனியாவைப் பற்றியும் அதன்பிறகே தேடிப் படித்தேன். அம்பாளின் பெயர் சித்தேசுவரி. 1703-ல் ஏற்பட்ட கோயில் என்று சொல்கிறார்கள். கேசவசந்திர சேன் நோயுற்றபோது அவர் குணமாகவேண்டும் என்று ராமகிருஷ்ண பரமஹம்சர் இளநீரும் சர்க்கரையும் நேர்ந்துகொண்டது இந்தச் சித்தேசுவரிக்கே. இத்தனை பெரியவள்முன் நின்றுகொண்டுதான் அவள் பெயரை மாற்றிச் சொன்னேன்.

கிராமத்து வீட்டை விற்பதற்காக அம்மாவின் டிரங்குப் பெட்டியை ஒழித்தபோது, அவர் தரிசித்த தலங்களை எழுதிவைத்த நோட்டு கிடைத்தது. பட்டீசுவரம், சமயபுரம், காஞ்சி, காசி என்று ஒவ்வொன்றுக்கும் ஊரும் அம்பாள் திருநாமமும் தேதியும் ஒழுங்காக இருந்தன. ஒரே ஒரு வரி மட்டும் வேறு மாதிரி இருந்தது: "கல்கத்தா. அம்மன். முழங்கால் தண்ணீர். டாக்ஸிக்காரர் கை பிடித்தார். புடவை சாத்தியாயிற்று." காளிகாட் என்ற சொல் அந்த நோட்டில் எங்குமே இல்லை.

அந்த ஆண்டே சிவப்புப் புடவை இரண்டு வாங்கிக்கொண்டு கல்கத்தாவுக்கு ரயிலேறினேன். சியாம்பஜாரில் டாக்ஸி பிடித்தேன். ஓட்டுநர் இளைஞர். நேரே காளிகாட்தானே என்று கேட்டார். போகும் வழியில் தந்தனியாவில் சிறிது நேரம் நிற்கவேண்டும் என்றேன்.